ஃபேனை டைரக்ட் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: "தம்பி, நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவன். வீடு தண்டையார்பேட்டை. 2006 மாடல் சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். வாங்கிய நாளிலிருந்து என் கையில்தான் இருக்கிறது. கொடுங்கையூரில் மகள் வீட்டுக்குப் போகும்போது கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட் போட்டுவிட்டாலோ, எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டாலோ, டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி முக்கால் வரைக்கும் ஏறிவிடுகிறது. அதற்கு அப்புறம்தான் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது. ஓட ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் முள் இறங்கிவிடும். ஏசி போட்டால் முள் பாதியை விட்டு நகர்வதே இல்லை. போன மழைக்காலத்துக்கு அப்புறம்தான் இந்தத் தொல்லை. முன்பெல்லாம் முள் பாதிக்கு வந்ததுமே ஃபேன் ஓடும். ஒரு மெக்கானிக் ஃபேனை டைரக்ட் கொடுத்துவிடலாம், அதாவது சாவி போட்டதிலிருந்தே ஓடவிடலாம் என்கிறார். இன்னொருவர் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடச் சொல்கிறார். சென்சாரில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் ஃபேன் சீக்கிரம் வரும் என்கிறான் பேரன். எதைச் செய்வது? கத்திரி வெயிலில் இன்ஜின் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது."

பதில்:

ஐயா, வணக்கம். மூன்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் வண்டியில் ஃபேன் சீக்கிரம் ஓட வேண்டும் என்பது சரிதான். ஆனால் அது முன்பு ஓடிய சூட்டில் திரும்பவும் ஓடினால் போதும். கம்பெனி வைத்த அளவுக்கும் கீழே இழுக்க வேண்டிய அவசியம் உங்கள் வண்டிக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எழுதிய இரண்டு விஷயங்களை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். ஒன்று, ஏசி போட்டால் முள் நகர்வதில்லை. இன்னொன்று, மழைக்கு அப்புறம்தான் இது ஆரம்பித்தது.

ஏசி ஓடும்போது இன்ஜினுக்குச் சுமை கூடும். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரும் தன் பங்குக்குச் சூட்டைக் கக்கும். அந்தச் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குள் நுழைகிறது. இவ்வளவுக்கும் பிறகு முள் பாதியிலேயே நிற்கிறது என்றால், ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளவில்லை, வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) திறக்கிறது, காற்றும் போதுமான அளவு போகிறது என்று அர்த்தம். ஏசி போட்டால் ஃபேன் ஓடுவதற்கு இன்ஜின் சூடாகியிருக்க வேண்டியதில்லை. ஏசி ஓடுகிறது என்பதே போதும். அப்படியென்றால் உங்கள் வண்டிக்கு ஆறவைக்கும் சக்தி இருக்கிறது. ஏசி இல்லாதபோது ஃபேனைக் கூப்பிட வேண்டிய சென்சார் தாமதமாகக் கூப்பிடுகிறது. கோளாறு அந்த இடத்தில்தான்.

இதை வீட்டு வாசலிலேயே உறுதி செய்துகொள்ளலாம். பானட்டைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, யாரையாவது ஏசி போடச் சொல்லுங்கள். சில வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனே ஓடும், சிலவற்றில் கண்டென்சருக்கென்று இருக்கும் தனி ஃபேன் மட்டும் ஓடும். ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் அதன் மோட்டார், ரிலே (சின்ன கரன்ட்டைக் கொண்டு பெரிய கரன்ட்டை ஓடவிடும் ஸ்விட்ச்), ஃபியூஸ் எல்லாமே நன்றாக இருக்கின்றன. கையையும் வேட்டி, துண்டையும் ஃபேனுக்குத் தள்ளியே வையுங்கள். அது எந்த நிமிடமும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

வேலை முடியும் வரைக்கும் உங்களுக்கு ஒரு வழி இதிலேயே இருக்கிறது. கேட்டில் நிற்கும்போது முள் பாதியைத் தாண்டினால் ஏசியைப் போட்டுவிடுங்கள். ஃபேன் உடனே ஓடும், முள் இறங்கும். காசு செலவில்லாமல் ஃபேனைச் சீக்கிரம் ஓட வைப்பது இதுதான். ஆனால் ஏசி போட்டும் முள் ஏறிக்கொண்டே போனால் கதை வேறு. அப்போது ஏசியை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரை அதிக வேகத்தில் விட்டு, கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். ஹீட்டருக்குள்ளும் இன்ஜின் தண்ணீர்தான் ஓடுகிறது, அது இன்னொரு சின்ன ரேடியேட்டர். சென்னை வெயிலில் ஹீட்டர் போடுவது கொடுமைதான், ஆனால் இன்ஜின் பிழைக்கும். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். மேல் ஹோஸ் பைப்பைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அவசரப்பட்டு மூடியைத் திறந்து முகம் வெந்துபோனவர்களை எங்கள் தொழிலில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சரி, ஃபேன் எப்போது ஓட வேண்டும்? உங்கள் வண்டி போன்ற சின்ன கார்களில் தெர்மோஸ்டாட் வால்வு பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும். முழுசாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஆகும். ஃபேன் ஏறக்குறைய 95 முதல் 100 டிகிரிக்குள் ஓட ஆரம்பித்து, ஐந்தாறு டிகிரி இறங்கியதும் நிற்கும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்குமே, 98 வரைக்கும் ஏன் விடுகிறார்கள் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ரேடியேட்டர் ஒரு பிரஷர் குக்கர். அதன் மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் 125-ஐயும் தாண்டும். ஆகவே 98 டிகிரியில் ஓடும் ஃபேன் தாமதமாக ஓடுகிறது என்று சொல்ல முடியாது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து ஸ்பிரிங் தளர்ந்துபோனால்தான் 100-ஐ ஒட்டியே கொதி வந்துவிடும். பழைய வண்டி, பழைய மூடி. அதை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது மேலே அச்சடித்திருக்கும் அழுத்த எண் பழையதற்குச் சமமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஃபேனை ரொம்பவும் கீழே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் எவ்வளவு குளிர்ச்சியாக ஓடலாம் என்பதைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட், ஃபேன் அல்ல. 82 டிகிரி வால்வு இருக்கும் வண்டியில் ஃபேனை 80 டிகிரியில் ஓடவிட்டால், மூடிக்கிடக்கும் வால்வுக்கு அந்தப் பக்கம் ரேடியேட்டரில் தேங்கி நிற்கும் தண்ணீரைத்தான் அது ஆறவைக்கும். இன்ஜினுக்கு ஒரு லாபமும் இல்லை. ஃபேன் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். அப்புறம், மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது எதிர்க்காற்றே போதும், ஃபேன் தேவைப்படாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் காலியாக ஓடும்போதும் ஒரு வண்டிக்கு முள் ஏறுகிறது என்றால் ஃபேனைக் குறை சொல்வதில் பயனில்லை. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு நிற்கும்போது மட்டும்தான் ஏறுகிறது, அதனால் அந்தக் கவலை வேண்டாம்.

இப்போது மழைக்காலத்துக்கு வருகிறேன். என் கணிப்பு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் வண்டி வயதில் பெரும்பாலும் இரண்டு டெம்பரேச்சர் சென்சார்கள் இருக்கும். ஒற்றை வயர் போகும் சென்சார் முள்ளுக்கு. இரண்டு வயர் போகும் சென்சார் ஈசிஎம்முக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு. ஃபேனை ஓடச் சொல்வது இந்த இரண்டு வயர் சென்சாரைக் கேட்டுத்தான். முள் ஒரு சாட்சி, ஈசிஎம் இன்னொரு சாட்சி. முள் முக்கால் என்கிறது, ஃபேன் இன்னும் ஓடவில்லை என்றால், இரண்டு சாட்சிகளும் முரண்படுகிறார்கள். யாராவது ஒருவர் தப்பாகச் சொல்கிறார். (புதிய கார்களில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே சென்சார்தான். அது பிசகினால் முள்ளும் சேர்ந்தே பிசகும், ஃபேன் தாமதமாவது முள்ளில் தெரியவே தெரியாது. புது வண்டிக்காரர்கள் முள் பாதியில்தானே நிற்கிறது என்று இருந்துவிடக் கூடாது. அந்த முள்ளை எண்பதிலிருந்து நூறு டிகிரி வரைக்கும் அசையாதபடியே பல கம்பெனிகள் அமைத்திருக்கிறார்கள்.)

அந்தச் சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் ஒரு சின்னப் பொருள். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பல கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் காட்டும், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம். 98 டிகிரியில் ஏறக்குறைய 190 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் பத்து டிகிரிக்கும் வெறும் 50 ஓம்தான் வித்தியாசம். இப்போது கனெக்டரின் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்து, அது தன் பங்குக்கு ஒரு 50 ஓமைச் சேர்த்துவிட்டது என்றால் என்ன ஆகும்? இன்ஜின் 98 டிகிரியில் இருக்கும், ஈசிஎம் 88 அல்லது 89 என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஃபேன் வர வேண்டிய 98-ஐ ஈசிஎம் பார்க்கும்போது இன்ஜின் உண்மையில் 110-ஐ நெருங்கியிருக்கும். நீங்கள் எழுதியிருப்பது இதேதான்.

தண்டையார்பேட்டையிலிருந்து காசிமேட்டுக் கடல் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்தில் இருந்தவர் நீங்கள், உப்புக்காற்று செம்பை என்ன செய்யும் என்று பார்த்தவர். அதோடு மழையில் தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் வண்டி ஓடியிருந்தால் கீழிருந்து வாரி அடித்த தண்ணீர் கனெக்டருக்குள் போயிருக்கும். ரப்பர் சீல் பழசு. உள்ளே போன ஈரம் வெளியே வராது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கடலோரம் நிற்கும் பழைய வண்டிகளில் பாதி எலெக்ட்ரிகல் தொல்லைகளுக்குக் காரணம் இந்தக் களிம்புதான் என்பது என் அனுபவம். பார்ட்ஸ் மாற்றி மாற்றிச் செலவு செய்கிறார்கள், கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

ஆனால் கணிப்பை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. முள்ளே பொய் சொல்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். டேஷ்போர்டு எர்த் தளர்ந்திருந்தாலும் முள் தாறுமாறாகக் காட்டும். அதனால் மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இப்போது நிறைய ஒர்க்ஷாப்களில் இருக்கிறது. இன்ஜினிலிருந்து மேல் ஹோஸ் பைப் கிளம்பும் இடத்தில் இருக்கும் அலுமினியக் கூட்டின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அந்த டேப்பைக் குறிவைத்து அளக்கச் சொல்லுங்கள். பளபளக்கும் அலுமினியத்தை நேராக அளந்தால் எண் ரொம்பவும் குறைத்துக் காட்டும், ஏமாந்துபோவோம். ஏசி போடாமல் வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும் நொடியில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், நிற்கும் நொடியிலும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் அந்த எண்ணைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். அதே நேரத்தில் ஸ்கேனரையும் மாட்டி ஈசிஎம் எத்தனை டிகிரி என்று படிக்கிறது என்று பாருங்கள். உங்கள் வருஷத்து வண்டிக்குப் போனில் ஓடும் மலிவு ஸ்கேனர் ஒத்துவராமல் போகலாம். கம்பெனி நெறிமுறை தெரிந்த ஒர்க்ஷாப் ஸ்கேனர் வேண்டும்.

தெர்மாமீட்டரில் 95 வாக்கில் ஃபேன் ஓடினால் ஃபேன் சரியாகத்தான் ஓடுகிறது, முள்தான் பொய் சொல்கிறது. அந்தச் சர்க்யூட்டைச் சரி செய்துவிட்டு நிம்மதியாக இருங்கள். 105-க்கு மேல் போய் ஓடினால், ஸ்கேனரில் அந்நேரம் 98 என்று காட்டினால், நான் சொன்ன களிம்பு அல்லது சென்சார்.

அடுத்து செய்ய வேண்டியது சின்ன வேலை. இன்ஜின் ஆறியிருக்கும்போது, சாவியை எடுத்துவிட்டு, இரண்டு வயர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அழுத்திக் கழற்ற வேண்டும். பழைய பிளாஸ்டிக், தொட்டால் உடையும். பின்களில் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், மேல் பூச்சு போய்விட்டால் அடுத்த மழையிலேயே திரும்பவும் களிம்பு பிடிக்கும். களிம்பு வயருக்குள்ளேயே ஏறி, உரித்துப் பார்த்தால் செம்பு கறுத்திருந்தால், சுத்தம் செய்து பயனில்லை. புதுக் கனெக்டரை ஒரு சாண் வயரோடு வாங்கி, ஈயம் வைத்துச் சேர்த்து, ஹீட் ஷ்ரிங்க் போட வேண்டும். கனெக்டர் சுத்தமாக இருந்தால் சென்சாரையே கழற்றி, பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்து, தெர்மாமீட்டரும் மல்ட்டிமீட்டருமாக அளந்து பாருங்கள். சென்னை அறைச் சூட்டில், 30 டிகிரியில், 1,700 ஓம் வாக்கில் காட்ட வேண்டும். ரொம்ப விலகினால் சென்சாரை மாற்றிவிடுங்கள். சென்சாரை மாத்திரம் புதுசாக வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய பொருள் தேட வேண்டிய சாமான் இது இல்லை.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். கூலன்ட் குறைந்து சென்சார் இருக்கும் இடத்தில் காற்றுக் குமிழ் நின்றாலும் சென்சார் குறைவாகத்தான் காட்டும், ஃபேன் தாமதமாகத்தான் வரும். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து கழுத்து வரைக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, அதைக் கண்டுபிடியுங்கள். நிரப்புவதற்கு போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்து போர் தண்ணீரில் இருக்கும் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து குழாய்களை அடைக்கும், வாட்டர் பம்ப்பின் இறக்கைகளை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும், அல்லது கலந்தே வரும் கூலன்ட். நம் ஊரில் பனி பொழியாதே, கூலன்ட் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கொதிநிலையைக் கூட்டவும் துருவைத் தடுக்கவும்தான் நமக்கு அது வேண்டும்.

இனி அந்த மூன்று யோசனைகள்.

டைரக்ட் கொடுப்பது என்றால் சாவியைப் போட்டதிலிருந்து எடுக்கும் வரைக்கும் ஃபேன் சுற்றும். டாக்சி ஓட்டும் தம்பிகள் நிறைய பேர் இப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போய்விடும், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் ஆபத்து. சின்ன கார் ஃபேன் மோட்டாரே எட்டு பத்து ஆம்பியர் இழுக்கும், சுற்ற ஆரம்பிக்கும் நொடியில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு. ரிலே இல்லாமல், ஃபியூஸ் இல்லாமல், இக்னிஷனில் இருந்து மெல்லிய வயரை முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தால் வயர் உருகும், சாவி ஸ்விட்ச் கருகும், வண்டி தீப்பிடித்தாலும் ஆச்சரியமில்லை. ஒழுங்காகச் செய்தாலும் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேவையில்லாமல் தேயும். அது தேய்ந்து நிற்கும் நாளில் உங்களுக்கு ஃபேனே இல்லை. முள் ஏறும்போதுதான் அது தெரியவரும்.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றுவதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. உங்கள் முள் முக்காலில் நிற்கும்போது இன்ஜின் 100-ஐத் தாண்டிவிட்டது, வால்வு ஏற்கெனவே முழுசாகத் திறந்து கிடக்கிறது. திறந்திருக்கும் கதவைப் பெயர்த்து எடுத்து என்ன லாபம்? கேட்டில் நிற்கும்போது அது ஒரு டிகிரியும் குறைக்காது. ஓடும்போது மட்டும் இன்ஜினைத் தேவைக்குமேல் குளிரவைக்கும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று ஈசிஎம் நினைத்து பெட்ரோலைக் கூட்டிவிடும், மைலேஜ் போகும், ஆயிலில் ஈரம் சேர்ந்து குழம்பும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் வால்வு திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். அங்கே வால்வைக் கழற்றிவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றும், முன்பைவிட மோசமாகச் சூடேறும். வால்வு கெட்டிருந்தால் புதுசு போடுங்கள். வால்வே இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

பேரன் சொன்ன ரெசிஸ்டர் விஷயத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவன் சொல்வது வேலை செய்யும். சென்சாருக்கு இணையாக 1,300 ஓம் வாக்கில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டால், 92 டிகிரியிலேயே ஈசிஎம் 98 என்று படிக்கும், ஃபேன் ஓடும். தொல்லை என்னவென்றால் அந்த ரெசிஸ்டர் ஃபேனுக்கு மட்டும் பொய் சொல்லாது. காலையில் 30 டிகிரியில் நிற்கும் இன்ஜினை ஈசிஎம் ஐம்பது டிகிரிக்கு மேல் என்று படிக்கும். ஆறிய இன்ஜினுக்குக் கொடுக்க வேண்டிய கூடுதல் பெட்ரோலைக் கொடுக்காது. ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்யும், ஸ்டார்ட் ஆனாலும் ஆரம்பத்தில் திக்கும். சூடான பிறகு இக்னிஷன் டைமிங்கையும் பொய்யான எண்ணைப் பார்த்தே மாற்றும். பேரனிடம் இந்த இரண்டு எண்களையும் சென்சாரின் ஓம் கணக்கை வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்வம் இருக்கிற பையன், தானே கண்டுபிடித்துவிடுவான்.

களிம்பைத் துடைத்து, சென்சாரைச் சரி பார்த்து, ஃபேன் பழையபடி ஓட ஆரம்பித்த பிறகும் மனசு கேட்கவில்லை, கேட்டில் நிற்கும்போது கைக்குள் ஒரு பிடி வேண்டும் என்றால், அதற்கு ஒழுங்கான வழி உண்டு. ஈசிஎம்மையும் சென்சாரையும் தொடாமல், ஃபேனுக்கு இரண்டாவது ரிலே ஒன்றை இணையாகக் கொடுப்பது. பேட்டரி பாசிட்டிவ்விலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ், அது பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு. 87-ஆம் பின்னிலிருந்து அதே தடிமன் வயரில் ஃபேனின் பாசிட்டிவ் வயருக்கு. 86-ஆம் பின்னுக்கு, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஒரு வயரிலிருந்து டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக மெல்லிய வயர். 85 எர்த். ரிலே 30 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். ஸ்விட்சில் ஒரு சின்ன விளக்கும் இருந்தால் போட்டதை மறக்க மாட்டீர்கள். நீங்கள் ஸ்விட்சைப் போடவில்லை என்றாலும் ஈசிஎம் தன் வழியில் ஃபேனை ஓட்டும், அதனால் மறதியால் கெடுதல் வராது.

வேலையை ஆரம்பிக்கும் முன் எலெக்ட்ரீஷியன் ஒன்றைச் சோதிக்க வேண்டும். சாவி போட்டு, ஃபேன் ஓடாமல் நிற்கும்போது, ஃபேன் கனெக்டரில் எப்போதும் 12 வோல்ட் நிற்கிறதா என்று மீட்டரை வைத்துப் பார்க்கட்டும். நின்றால் அந்த வண்டியில் பாசிட்டிவ் எப்போதும் இருக்கிறது, ரிலே எர்த் பக்கத்தில் வேலை செய்கிறது. அப்போது நான் சொன்ன இணைப்பு பொருந்தாது, புது ரிலேயையும் எர்த் பக்கமே வைக்க வேண்டும். இரண்டு வேகம் உள்ள ஃபேன் என்றால் வயரிங் படம் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு இதைவிட எளிது. ரேடியேட்டரிலேயே திருகியிருக்கும் தெர்மோ ஸ்விட்ச்தான் அங்கே ஃபேனை ஓட்டும். 95-90, 92-87 என்று ஓடும் சூடும் நிற்கும் சூடும் பல ஸ்விட்சுகளில் அடித்திருக்கும். ஒரு படி குறைவானது அதே மரையில் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம், நிற்கும் எண் தெர்மோஸ்டாட் திறக்கும் எண்ணுக்கு மேலே இருந்தால் சரி.

உங்கள் வண்டியில் காற்று நன்றாகப் போகிறது என்று மேலே சொன்னேன். ஆனாலும் கத்திரிக்கு முன் ரேடியேட்டரையும் கண்டென்சரையும் ஒரு முறை கழுவிவிடுங்கள். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-இல் நின்ற பிறகு கரித்தூசி குறைந்தது உங்களுக்கே தெரியும். எண்ணூர் பக்கத்துச் சாம்பலும் ட்ரெய்லர்கள் கிளப்பும் புழுதியும் குறையவில்லை. இரண்டுக்கும் நடுவே பூச்சியும் பிளாஸ்டிக் தாளும் சேர்ந்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து வெளியே பார்த்துச் சாதாரண ஹோஸ் தண்ணீரை விட வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் கன்னை நெருக்கிப் பிடித்து அடித்தால் ஃபின்கள் என்னும் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைத்துவிடும். கடல் காற்றில் அரித்து, தொட்டால் பொடியாக உதிரும் ஃபின்கள் இருந்தால் கழுவிப் பயனில்லை, அந்த ரேடியேட்டரை மாற்ற வேண்டியதுதான்.

கனெக்டரைச் சுத்தம் செய்த பிறகு ஃபேன் ஓடும் எண், நிற்கும் எண், அந்நேரம் ஸ்கேனரில் வந்த எண், மூன்றையும் எழுதி அனுப்புங்கள் ஐயா. ரெசிஸ்டர் கணக்கில் பேரனுக்குச் சந்தேகம் வந்தால் அதையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.